ஒரு பூமிக்கும் குறைவாக

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் எனக்குப் பரீட்சை வைத்தாள். அறுபத்தாறு வயதில்!

நித்யாவுக்கு ஜெர்மனியில் வேலை. மனிதன் பூமியிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறான் என்று அளக்கிற வேலை. நாம் தின்பதை, உடுத்துவதை விளைவிக்க எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும்... நாம் விடுகிற புகையை உறிஞ்ச எவ்வளவு காடு வேண்டும்... எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வார்கள். சூழலியல் தடம் என்று பெயர்.

அதற்கான கேள்வித்தாளைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். இவள் இந்த மலையாள ஊரில், மட்டாஞ்சேரியில் பிறந்த பெண். மலையாளம் சரளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"அப்பா, நீங்கதானே தமிழ்ப் பத்திரிகைல வாராவாரம் எழுதறது? ஃபில் பண்ணிப் பாருங்க. தப்பு இருந்தா பறயுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். தப்பு ஒன்றுமில்லை. கேள்விகள்தான் ஒரு மாதிரி இருந்தன.

வீட்டில் எத்தனை பேர்? — ஒருவர். ஒரு வார்த்தையை டைப் செய்ய இவ்வளவு நேரமா ஆகும்? அவள் அம்மா போய் நாலு வருடம் ஆகிறது.

மீன் எவ்வளவு உண்பீர்கள்? — இல்லை. தோப்பும்படித் துறையிலிருந்து மீன் வாசலுக்கே வரும். ஆனால் அரைக் கிலோ வாங்கினால் மூன்று நாள் கிடக்கிறது. விட்டுவிட்டேன்.

பயணம்? — ஊருக்குள்ளேயே இருக்கிற வைட்டிலா வரைக்கும் பஸ்ஸில் போயே மாதக்கணக்காகிறது. போய் யாரைப் பார்ப்பது? புதுத்துணி? — இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வேளை சமைக்கிறீர்கள்? — ஒன்று.

கடைசியில் மதிப்பெண் வந்தது. உலகத்தில் எல்லோரும் என்னைப்போல் வாழ்ந்தால் ஒரு பூமியே போதுமாம். மிச்சமும் இருக்குமாம்!

சாயங்காலம் வீடியோ காலில் நித்யா குதித்தாள். "அடிபொளி அப்பா! எங்க டீம்ல ஒருத்தருக்கும் இது கிட்டல."

எனக்கும் கொஞ்சம் பெருமை. அந்தக் குஷியில்தான் வாய் தவறியது.

"மிச்சம் இருக்குன்னு வந்ததே... அதை எடுத்துக்கிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போயேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவள் கடைசியாக வந்தது அம்மாவின் முதல் வருடத் திதிக்கு. அதோடு விமானப் பயணத்தை விட்டுவிட்டாள். 'ஊருக்கெல்லாம் சொல்ற நானே ஏறலாமா?' என்று அப்போது கேட்டாள். நியாயம்தானே? 'செரி மோளே' என்று சொல்லி போனை வைத்தேன்.

"அப்பா, அப்படி ஒருத்தர் மிச்சத்தை இன்னொருத்தர் எடுக்க முடியாது" என்றாள் இப்போது.

"தெரியும். தமாஷுக்குச் சொன்னேன்."

"பிளேன் வேண்டாம்னு நான் சொன்னப்ப நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ செஞ்சது சரி. சரியான விஷயத்தைப் பத்தி என்ன சொல்றது?"

என் பதில்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள் என்று அவள் கண்கள் நகர்வதில் தெரிந்தது.

"அப்பா... ராத்திரி சாப்பிடறதில்லையா?"

"பசிக்கல."

"மீன் கூட்டாம சோறு உண்ண மாட்டீங்களே?"

"கேள்வித்தாள்ல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நல்ல தமிழ்" என்றேன்.

அந்தக் கணக்குக்கு நான் எவ்வளவு எடுக்கிறேன் என்று தெரியும். ஏன் இவ்வளவு கம்மியாக எடுக்கிறேன் என்று தெரியாது. மகளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் மூன்று நாள் குமைந்துகொண்டிருந்தேன். கேட்டிருக்கக் கூடாது. பெற்ற பிள்ளை ஒரு கொள்கையோடு வாழ்கிறாள். அதில் போய்க் கல்லெறிவானா ஒரு அப்பன்? 'வர வேண்டாம்' என்று மெசேஜ் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்ப மட்டும் விரல் வரவில்லை.

நான்காம் நாள் அவளே அனுப்பினாள் — எனக்காகத் தமிழில், நாலு எழுத்துப் பிழையோடு. 'ஜூனில் வறுகிறேன். லேப்டாப் கொண்டு வந்து அங்கிருந்தே வேளை செய்வேன். மூன்று மாதம் இறுப்பேன். அந்த பிளேன் கணக்குக்கு ஈடாக, பிறகு மூன்று வருடம் வர மாட்டேண். சம்மதமா?'

'சம்மதம்' என்று போட்டேன். பிழையைத் திருத்தவில்லை.

மூன்று மாதம் இருப்பாள். பிறகு மூன்று வருடம் வர மாட்டாள்... முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன்.