கோழிப்பண்ணை ரேடியோ

நாமக்கல் பக்கம் கோழி எரு வாங்கப் போனபோது, பண்ணையில் தீவனம் போடுகிற ஓர் ஆளைப் பார்த்தேன். ஆட்டெருவைவிடக் கோழி எரு சூடு என்பார்கள், அது கிடக்கட்டும். ஒல்லி ஆள், மீசையெல்லாம் தீவனத் தூசி. கொட்டகை ரேடியோவில் கிராமியப் பாட்டு என்ற பெயரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் காறித் துப்பினார்.

“இதெல்லாம் பாட்டாங்க? எதெடுத்தாலும் மச்சான், சரக்கு, டொம்முடொம்முன்னு மெஷின் அடி. பாடிக்கிட்டே களையெடுக்கிற பொம்பளைங்க கேட்டா வெளக்கமாத்தாலயே போடுவாங்க.”

“அணைச்சுப் போடுங்க,” என்றேன்.

“சத்தம் நின்னா கோழி மெரண்டுருமுங்க. முட்டை கொறஞ்சா மொதலாளி என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாரு. வேற ஸ்டேஷனும் இங்க எடுக்கறதில்லீங்க.”

நம்பாமல் நானே அணைத்தேன். கொட்டகை முழுக்க இறக்கை படபடத்தது. அவர் ஓடிவந்து மறுபடி வைத்தார். கோழிகள் அடங்கின. அவர் முகம் மட்டும் வேப்பங்காயைக் கடித்ததுபோல் சுளித்தே இருந்தது. உதடுகளோ ஒரு வார்த்தை தப்பாமல் அந்தப் பாட்டையே முணுமுணுத்தன.