பூ கேட்டுச் சேர்ந்த படிப்பு

வியட்நாம் பள்ளி கௌசல்யாவின் சான்றிதழை ஏற்கவில்லை. இன்று திருச்செங்கோடு பேருந்தில் அவளே சொன்னாள். எங்கள் தெருப் பெண். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போவதாக, இங்கிருந்த ஆசிரியர் வேலையை விட்டு, அதற்கென ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்தவள்.

"பசங்க முன்னால நின்னு பாடம் எடுக்கற பயிற்சியே அந்தப் படிப்புல இல்லையாமுங்க மாமா."

"சேரும்போது விசாரிக்கலையா சாமி?"

பக்கத்திலிருந்த அவள் அப்பா முந்திக்கொண்டார். "ரெண்டு படிப்பு இருந்துச்சுங்க. செவப்புப் பூவுக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணுன்னு நெனச்சு, பூவைப் பொட்டலமா மடிச்சு அம்மன் முன்னால போட்டு ஒண்ணை எடுத்தோம். வெள்ளை வந்துச்சு."

"செவப்புல அந்தப் பயிற்சி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க," என்றாள் கௌசல்யா.

"அம்மன் வாக்கு தப்பாதுங்க. அந்தப் பள்ளிக்கூடந்தான் சரியில்ல," என்றார் அப்பா.

அடுத்த படிப்பு எதுவென்று வெள்ளிக்கிழமை தெரியும். மறுபடியும் பூ கேட்கிறார்கள்.

நல்ல படிப்பு தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள். இரண்டு பூவுக்கும் அதையே வைத்துவிடலாம்.