உறக்கமில்லாத சித்திரை

கிருபாபாய் சாத்தான்குளத்துப் பெண். பள்ளியில் படிக்கும்போதே தாயை இழந்தவள். ஆசிரியைப் பயிற்சி முடித்து, தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்று வருஷம் பாடம் நடத்தினாள். இரண்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளைக் குரல் உயர்த்தாமல் அடக்கி வைத்திருப்பாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். புருஷன் சத்தியராஜ் துறைமுகத்தில் கிளார்க். தோணிகளில் ஏறுகிற பஞ்சுப் பொதிகளைச் சரிபார்த்துச் சீட்டு எழுதுகிற வேலை.

1942ஆம் வருஷம் பங்குனியில், குறித்த நாளுக்கு ஐந்து வாரம் முந்தியே அவளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போலத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மருத்துவச்சி அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

"இது வாய் வச்சு இழுக்காதும்மா. பாலைப் பீச்சிச் சங்குல ஊத்துங்க. மணிக்கு ஒருக்கக் கொடுத்தாத்தான் பிழைக்கும். பிள்ள நல்லா உறங்குதேன்னு விட்டுட்டீங்கன்னா, அப்படியே உறங்கிப் போயிரும்."

நாசரேத்திலிருந்து அக்கா ஞானதீபம் வந்திருந்தாள். முதல் பத்து நாள் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி படுத்தால் ஒருத்தி விழித்திருப்பாள். பிறகு ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு வேறு தேசம் அல்ல. ஒரு ராத்திரிக் கப்பல் தூரம். பர்மா அரிசி வராமல் ஏற்கெனவே பாதி அடுப்புகள் அணைந்து கிடந்த ஊரில், அடுத்த குண்டு இங்கேதான் என்று பேச்சு கிளம்பியதும் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியது. அவர்கள் இருந்த தெருவில் நான்கு நாளில் பதினாறு வீடுகளில் பூட்டு தொங்கியது. அக்காவின் புருஷனும் வண்டி அனுப்பிவிட்டார். அவளுக்கு ஊரில் நாலு பிள்ளைகள்.

"நீயும் வந்துரு, ஏளா. இங்கன தனியா கெடந்து என்ன செய்வ?"

கிருபாபாய் பிள்ளையைப் பார்த்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். நாள் முழுக்க மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்.

"வழியிலேயே போயிரும்க்கா," என்றாள்.

ஞானதீபம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வண்டியேறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் கிருபாபாயும் பிள்ளையும்தான். சத்தியராஜ் விடிந்ததும் துறைமுகத்துக்குப் போவான். ராத்திரி பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, தலையில் தகரத் தொப்பியோடு தெருத்தெருவாகப் போய், விமானத்துக்குத் தெரிகிற மாதிரி விளக்கு வெளிச்சம் வெளியே கசிகிறதா என்று பார்க்கிற வார்டன் வேலை. அரசாங்க உத்தரவு, தட்ட முடியாது. வீட்டுக்கு வந்து விழுந்தால் கட்டை. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் பாலுக்கு அழுகிற பிள்ளையைத் தாய்தான் பார்க்க வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

"பிள்ள உறங்கும்போது நீயும் கண்ணை மூட வேண்டியதுதானே?" என்பான்.

மூடலாம்தான். பால் பீச்ச அரைமணி ஆகும். மார்பு வெடித்துப் புண்ணாகியிருந்தது. பாலோடு ரத்தமும் இழையாக வரும். சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்ட இன்னொரு அரைமணி. பாதியைக் கக்கிவிடும். துடைத்து, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டிக் கிடத்தினால் அடுத்த வேளை வந்துவிடும். நடுவில் சோறு பொங்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், பீத்துணி அலச வேண்டும். பகலும் ராத்திரியும் சேர்ந்து அவளுக்குக் கிடைத்த உறக்கம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்.

விழித்திருக்க என்னென்னவோ செய்தாள். மிளகை மென்றாள். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். சாய்ந்தால் உறங்கிவிடுவோம் என்று நடு வீட்டில் கவிழ்த்த உரல் மேல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். கொடுத்தோமா இல்லையா என்பது மறந்துபோகத் தொடங்கியதும், கதவின் பின்பக்கம் சாக்கட்டியால் வேளைக்கு ஒரு கோடு போட்டு வைத்தாள். ஒரு நாள் பார்க்கிறாள், தான் போட்டதாக நினைவே இல்லாத கோடுகள் மூன்று அங்கே இருக்கின்றன. இன்னொரு நாள் புருஷனுக்கு ஆற்றிய காப்பியைச் சங்கில் ஊற்றிப் பிள்ளையின் உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். வாசனைதான் கையைத் தடுத்தது. ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால், பாதியில் தலை தரையில் முட்டித்தான் முழிப்பு வரும்.

ஒரு நாள் ராத்திரி சத்தியராஜ் தொப்பியை மாட்டும்போது சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கு, அத்தான்."

"ஒண்ணும் பயப்படாத. ஜப்பான்காரன் இங்கல்லாம் வர மாட்டான்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவள் ஜப்பான்காரனைச் சொல்லவில்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை பத்து மணி. கிருபாபாய் தரையில் கண் விழித்தாள். கன்னத்தில் பாயின் தடம் பதிந்திருந்தது. கையில் சங்கு. சங்கிலிருந்து வழிந்த பால் தரையில் காய்ந்து போயிருந்தது. தொட்டில் வெறுமையாகத் தொங்கிற்று.

முதலில் அக்கா வைத்திருப்பாள் என்று நினைத்தாள். அக்கா ஊருக்குப் போய்விட்டது அப்புறம்தான் உறைத்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். துணி மூட்டையைக் கலைத்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். பின்வாசலுக்கு ஓடிக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம்தான் தெரிந்தது. அப்போதுதான் அலறினாள்.

தெருவில் கேட்க ஆள் இல்லை. கோடி வீட்டுப் பிச்சம்மாள் மட்டும் இருந்தாள். அவள் உப்பளத்துக் கூலிக்காரி, முப்பது வயது. ஓடிப்போய்த் தங்க அவளுக்குக் கிராமமும் இல்லை, அங்கே சொந்தமும் இல்லை. கருக்கலில் உப்பு வாரப் போய் வெயில் உச்சிக்கு ஏறுமுன் திரும்புகிறவள், உப்பு பூத்த காலோடு அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு உள்ளே பாய்ந்தாள்.

"என்ன டீச்சரம்மா? என்னாச்சு?"

"பிள்ளையக் காணும்."

"யாரும் வந்தாகளா?"

"தெரியல."

பிச்சம்மாள் மறுபேச்சுப் பேசாமல் வீட்டைச் சுற்றி வந்தாள். முற்றத்துக் கோடியில், அபாயச் சங்கு ஊதினால் இறங்கிக்கொள்வதற்காக வெட்டியிருந்த பதுங்குகுழி இருந்தது. அதன் மண்படியில் வெள்ளைத்துணி தெரிந்தது. பிள்ளையைச் சரியாகச் சுற்றி, தலைக்குத் துணி மடித்து வைத்து, பாந்தமாகப் படுக்க வைத்திருந்தது. காலையில் எட்டு மணிக்கு ஒத்திகைச் சங்கு ஊதியிருக்கிறது. ஊதினால் பிள்ளையோடு குழிக்குள் இறங்கு என்று புருஷன் பத்துத் தடவை சொல்லியிருந்தான். கிருபாபாய் உறக்கத்திலேயே எழுந்து, கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, உறக்கத்திலேயே திரும்பி வந்திருக்கிறாள். செத்துப்போகும் நாள் வரை அதில் ஒரு துளிகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

பிள்ளையின் முகத்தில் பால் காய்ந்திருந்தது. முகம் முழுக்கச் செவ்வெறும்பு.

பிச்சம்மாள் அதை வாரியெடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். மூக்கிலும் காதிலும் விரலை விட்டு எறும்பை வழித்தாள். இடது கண்ணிமை வீங்கி மூடியிருந்தது. அழுகை இல்லை. உள்ளங்காலில் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாம் தட்டுக்கு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் வந்தது.

"உசிரு இருக்கு. நடங்கம்மா ஆஸ்பத்திரிக்கி," என்று பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். செருப்பில்லாமல் கிருபாபாயும் பின்னால் ஓடினாள்.

உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் கண்ணில் புண் ஆழமாக விழுந்திருந்தது. ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தபோது இடது கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. அந்தக் கண் இனி வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும்தான் அறியும்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, ஆள் வந்து சொல்லி, துறைமுகத்திலிருந்து ஓடிவந்த சத்தியராஜ், வார்டு நடுவில் நின்று கத்தினான்.

"பெத்த பிள்ளையக் குழிக்குள்ள போட்டுட்டு வந்து உறங்கியிருக்கா! புத்தி கித்தி கெட்டுப்போச்சா இவளுக்கு?"

கிருபாபாய் தலையைத் தூக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பிச்சம்மாள்தான் எழுந்தாள்.

"ஐயா, இவுக உறங்கி எத்தன நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் விரலை மடக்கினான். எண்ணிப் பார்த்தான் போலிருக்கிறது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

அவன் மருந்து வாங்கப் போன பிறகு பிச்சம்மாள் கிருபாபாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு மூணாவது பொட்டப்பிள்ள. பெத்த இருவதாம் நாளே அளத்துக்குப் போயிட்டேன், போகலைன்னா கஞ்சி கெடையாது. ராத்திரி பூரா பாலுக்கு அழும். அணைச்சுப் போட்டுக்கிட்டே உறங்கிருவேன். ஒரு நா விடியக்காலம் முழிச்சுப் பார்த்தா, என் கைக்கடியில கெடக்கு. சில்லுனு கெடக்கு. சீர் தட்டி, ஏதோ நோவு வந்து போயிருச்சுன்னு சனம் சொல்லிச்சு. நானும் ஆமான்னுட்டேன். எம் புருசனுக்கே தெரியாது. உங்க பிள்ளைக்கு உசிரு இருக்கும்மா."

கிருபாபாய் உப்பில் வெடித்துக் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிச்சம்மாளும் விடுவிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே சத்தியராஜ் வார்டன் மேலதிகாரியிடம் போய், ராத்திரி வேலைக்கு வர இயலாது என்றான்.

"என்னய்யா, நீயா பால் கொடுக்கப்போற?" என்று அவர் சிரித்தார்.

"ஆமா சார்," என்றான். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். அதற்காகக் கிடைத்த வசவும் எச்சரிக்கையும் கொஞ்சமல்ல. ராத்திரி பத்திலிருந்து மூன்று மணி வரை அவன் முறை. அவள் பீச்சி மூடி வைத்த பாலை அவன் சங்கில் புகட்டினான். முதல் இரண்டு நாள் பாதிப் பால் பிள்ளையின் கழுத்தில்தான் வழிந்தது. நாலாம் நாள், துறையில் பொதிகளுக்கு நடுவே நின்றவாக்கிலேயே உறங்கிச் சாய்ந்து, தோணிக்கும் துறைமேடைக்கும் இடையில் விழப் பார்த்தவனை ரோச் என்ற தோணிக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் உள்ளே வராமல் கிணற்றடியில் உட்கார்ந்தான். கிருபாபாய் போய்ப் பார்த்தபோது துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவளிடம் மன்னிப்பு என்று அவன் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பகலில் உப்பளத்திலிருந்து திரும்பியதும் பிச்சம்மாள் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். தாய்க்குப் பால் ஊறட்டும் என்று, கிடைத்த அன்றைக்குப் பால்சுறா மீன் வாங்கி வந்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு வைத்துக் கொடுப்பாள்.

"தின்னுட்டுப் படுங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

படுத்தால் உறக்கம் வரவில்லை. இத்தனை நாள் துரத்தித் துரத்தி வந்த உறக்கம், வா என்று கூப்பிட்டபோது வர மறுத்தது. கண்ணை மூடினால் இமைக்குள் எறும்பு ஊர்ந்தது. உதறிக்கொண்டு எழுவாள். கதவைத் திறந்து குழியைப் போய்ப் பார்ப்பாள். சத்தியராஜ் மண்ணை அள்ளி அதைத் தூர்த்துவிட்டான்; அப்படியும் அந்த இடத்தில் போய் நிற்பாள். ஆடி மாசம் பிள்ளை தானாக மார்பைப் பற்றி இழுத்துக் குடித்தது. அன்றைக்குத்தான் அவள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் உறங்கினாள். விழித்ததும் முதலில் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அந்தப் பழக்கம் பின்பு பல வருஷம் போகவில்லை.

குண்டு கடைசிவரை விழவில்லை. ஆவணியில் சனம் திரும்பி வந்தது. ஞானதீபமும் வந்தாள். பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு, "கர்த்தர் உயிரையாவது விட்டு வச்சாரே," என்றாள். கிருபாபாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தெருவில் கேட்டவர்களுக்கு எறும்பு கடித்தது என்று மட்டும் சொன்னாள். மறு வருஷம் பிச்சம்மாளின் புருஷனுக்கு ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது பிச்சம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, கிருபாபாயின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கிருபாபாய் அதற்குப் பிறகு பிள்ளை பெறவில்லை. மறுபடி பள்ளிக்கு வேலைக்குப் போனாள். மகனுக்கு ஜெபமணி என்று பெயர். ஆறு வயதில் அதே பள்ளியில் அவனைச் சேர்த்தபோது, சேர்க்கைப் புத்தகத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில், "இடது கண்ணில் பூ" என்று அவளே எழுதினாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் அதை வாசித்தான். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான்.

"அது எப்படிம்மா வந்துச்சு?"

அவள் எறும்பு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. குண்டுப் பயத்தையும் அபாயச் சங்கையும் குழியையும் எல்லாம், ஒன்றையும் மறைக்காமல், வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

"நான் அழுதேனாம்மா?"

"தெரியலைய்யா. நான் உறங்கிட்டேன்."

பஞ்சு வண்டிகள் வரிசையாக வருகிற பெரிய ரோடு வந்தது. இடப்பக்கம் வருவது அவனுக்குத் தெரியாது. அதனால் எப்போதும் செய்வது போல அவளை அந்தப் பக்கம் விட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.