கப்ரால் இல்லாத நாலு நாள்

மழையில் நனைந்த நாயின் வாடை எல்லாருக்கும் பிடிக்காது. நேற்று எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் யார் வீட்டு நாயோ உடம்பைச் சிலுப்பிவிட்டுப் போயிருந்தது. பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். நான் மட்டும் நின்று, இன்னொரு தரம் ஆசையாக மூச்சை இழுத்துக்கொண்டேன். எனக்கு அது கப்ரால் வாடை.

பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பாரிஸ் பக்கம் குடியிருந்த என் பெரியப்பா, ஊருக்கு வந்தபோது எங்கள் உழவர்கரை வீட்டு நாட்டு நாய்க்குக் கொடுத்த பதவி அது. "சிப்பாய்க்கு ஒரு படி மேல" என்று விளக்கமும் சொன்னார். நாய் அதை அப்படியே நம்பிவிட்டது. வேலை பார்த்த மில் மூடியபின் அப்பா ஒரு கம்பெனியில் நைட் வாட்ச்மேன். கப்ராலைப் பொறுத்தவரை வீட்டில் வாட்ச்மேன்கள் இரண்டு பேர். அதில் பகலெல்லாம் குறட்டை விடும் ஜூனியர் அப்பா. அம்மா கோலம் போட்டால் நடுவில் உட்கார்ந்து சரிபார்க்கும். நான் வீட்டுப்பாடம் எழுதினால் கொட்டாவி விடும்.

எனக்கு ஒன்பது வயதானபோது அதற்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்தது. பிள்ளையில்லாத பெரியப்பா அந்த வருடம் ஊருக்கு வந்து என்னைத் தத்துக் கேட்டார். பிரான்ஸ் குடியுரிமை, அங்கேயே படிப்பு, எல்லாம். அப்பா சரி என்றார், அம்மா முடியாது என்றாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் எத்தனை நாள் பேசாமல் இருப்பது? நாய் வழியாகப் பேசினார்கள்.

"கப்ரால், உங்கம்மாகிட்ட சொல்லு. சனிக்கெழம அண்ணன் பேப்பர் எடுத்துனு வராரு, கையெழுத்து போடணும்."

"உங்க ஐயாகிட்ட சொல்லு கப்ரால். எம்புள்ள எங்கயும் வராது."

அது வாலை ஆட்டியபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கும். தான் இல்லாவிட்டால் இந்த மனிதர்களுக்கு ஒரு காரியமும் ஆகாது என்று அதற்கு எண்ணம். நான் கதவோரம் நின்று கேட்பேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கப்ராலிடம்தான் சொல்லி அழுதேன்.

அது கார்த்திகை மாதம். அந்த மாதத்தில் கப்ராலுக்குச் சொந்த வேலைகள் உண்டு. புதன்கிழமை கிளம்பியது வெள்ளிக்கிழமை ஆகியும் வரவில்லை. வீட்டில் ஒரு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்த அப்பா, பழக்கதோஷத்தில் "கப்ரால், அவகிட்ட..." என்று தொடங்கி, சுற்றுமுற்றும் பார்த்து நிறுத்தினார். அம்மா கரண்டியோடு எதிரே வந்து நின்றாள்.

"அதான் இல்லல்ல. சொல்றத என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க."

அப்பா பார்த்தார். நாயிடம் நாலு வாரமாகச் சொல்லிவந்ததை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ரசத்துல உப்பு கம்மி" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். அப்பா எச்சில் கையோடு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை வந்த பெரியப்பா மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "போவட்டும் உடு, இங்கயே நல்லாப் படிக்கட்டும்" என்று பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். நல்ல மனிதர்.

கப்ரால் ஞாயிற்றுக்கிழமை கிழிந்த காதோடு வந்தது. அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதைப் பார்த்துத் திகைத்துப்போனது. நாலு நாள் லீவு போட்டதற்கு வேலையையே பறித்துவிட்டார்களே என்கிற முகம். அந்த நாயின் காதலுக்கு இன்றைக்கும் மனதார நன்றி சொல்கிறேன். அது ஒழுங்காக வீட்டோடு கிடந்திருந்தால் நான் எந்த ஊரில், யார் மகளாக இருந்திருப்பேனோ.

கப்ரால் போய்ப் பல வருடமாகிறது. அப்பாவும் போய்விட்டார். அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று, ஒரு நாய்க்குட்டி கொண்டுவரட்டுமா என்று போன மாதம் கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றாள். "சொல்லி அனுப்ப அந்தாண்ட ஆளு வேணாமா?"