கன்னத்தில் தழும்புள்ளவன்

அலோர் காஜா போகும் சாலையோரம் ஒட்டுக்கடை போட்டுத் தேத்தண்ணி விற்ற ஜெயமேரி, மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின் இரண்டாம் வருடம், ஒரே நாளில் ஊர் அறிந்தவளானாள். தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் வீராசாமியை அவள் கடை பெஞ்சிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றவள் அவள்தான்.

முதல் வெடி கேட்டதுமே அடுப்புக்குப் பின்னால் விழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். கண்ணைத் திறந்தபோது வீராசாமி தரையில் கிடந்தார். மற்றவர்கள் ஓடிப்போயிருந்தார்கள்.

ஓடியவர்கள் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்தவர்களாகத் திரும்பி வந்தார்கள். சுட்டவன் நெட்டையன் என்றார் ஒருவர். குட்டை என்றார் இன்னொருவர். மூன்று பேர் வந்ததாகச் சொன்னவர் அந்த நேரம் மலாக்கா பஸ்ஸில் இருந்தார்.

"பக்கத்துல இருந்துட்டு பாக்கலன்னா எப்படிக்கா?" என்று ஜெயமேரியைத் துளைத்தெடுத்தார்கள். சாயந்திரம் சார்ஜன்ட் ஜார்ஜ் வந்து கேட்டபோது, "கன்னத்துல தழும்பு இருந்துச்சு சார்" என்றாள். சொன்னதும் நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து கடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

சில வாரம் கழித்துத் தழும்புள்ள ஒருவனைப் பிடித்து, அடையாளம் காட்ட அவளைக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றவன் கிளேபாங்கிலிருந்து அவள் கடைக்குக் கருவாடு கொண்டுவரும் சீனன் ஆ லெக். தனக்காகப் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ஜெயமேரி சார்ஜன்ட் பக்கம் திரும்பினாள். "நான் யாரையும் பாக்கல சார். கண்ண மூடிக்கிட்டேன்."

"அப்ப தழும்பு?"

"அங்கமுத்து அண்ணன் சொன்னாரு."

லோரி டிரைவர் அங்கமுத்துவைக் கூட்டிவந்தார்கள். அவர் திகைத்துப்போனார். "அக்கா சொன்னதா மத்தியானமே ஊர்ல பேசிக்கிட்டாங்க சார், அதக் கேட்டுத்தான நான் சொன்னேன்!"

ஜார்ஜ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பொய் சொன்னதுக்கு உன்னை உள்ள தள்ளலாம், தெரியுமா?"

"தள்ளுங்க சார். அந்தாளத் தூக்குல போட்றாதீங்க."

தள்ளவில்லை, நாள் முழுக்கத் திட்டி அனுப்பினார்கள். ஆ லெக்கை விட்டுவிட்டார்கள். சுட்டவன் கடைசிவரை அகப்படவில்லை. காட்டுக்காரக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து மாற்றிப் பேசிவிட்டாள் என்று ஊர் முடிவுகட்டியது. பெஞ்சு காலியானது.

அந்தக் காலி பெஞ்சில் ஒருநாள் வீராசாமியின் மனைவி சுப்பம்மா வந்து உட்கார்ந்தாள்.

"யாரு சுட்டாங்கன்னு உன்னைக் கேக்க வரல மேரி. அவரு கடைசியா என்ன பேசினாரு?"

இதற்கு ஜெயமேரி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"தேத்தண்ணியில சீனி பத்தலன்னாரு."

"வீட்டுலயும் தினம் அதே சண்டைதான்லா," என்றாள் சுப்பம்மா. சாவு வீட்டில்கூட அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.