முதலில் பவர் சப்ளை

போர்ட் லிங்கன் மீன் தொழிற்சாலையில் கெரின் ஷிர்மருக்குச் சம்பளம் சூரை மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்குவதற்கு. பேர் வாங்கிக் கொடுத்ததோ வேறு வேலை. தேநீர் இடைவேளையில் யாராவது கைபேசியை நீட்டுவார்கள். கடையில் பூட்டித் தயாராக விற்கிற கேமிங் கம்ப்யூட்டர், வீட்டில் பிள்ளை நச்சரிக்கிறது, இந்த விலை தகுமா? கெரின் கையுறையைக் கழற்றிவிட்டு மீன் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதுவாள். பிராசசர் இவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு இவ்வளவு, மெமரி இவ்வளவு. கூட்டி, பூட்டின கூலிக்கு நூற்றைம்பது டாலர் சேர்ப்பாள். அதற்குள் அடங்கினால் 'வாங்கு', மீறினால் 'விடு'. அப்பீல் கிடையாது. அவளுக்கு ஜட்ஜம்மா என்று பட்டம் கட்டியவன் பக்கத்து மேசை டாரன்.

இந்த வித்தையை அவள் ஆசைப்பட்டுக் கற்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் கணவன் பிரெண்டன், கலர் கலராக விளக்கு எரிகிறதே என்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். உள்ளே இருந்த பேர் தெரியாத பவர் சப்ளை, எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கிற பெட்டி, நாலே மாதத்தில் புகைந்து, கிராபிக்ஸ் கார்டையும் கூட்டிக்கொண்டு போனது. கெரின் அதைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாகக் கற்றுக்கொண்டாள். குத்திக்காட்டவும் கற்றுக்கொண்டாள். "மொதல்ல பவர் சப்ளையைப் பாக்கணும்னு தெரியாதா உனக்கு?" அன்றைக்குச் சொன்னதை, குழாய் ஒழுகினாலும் கார் நின்றாலும் இரண்டு வருடம் சொன்னாள். அவர்கள் பிரிந்தது கம்ப்யூட்டரால் அல்ல, ஆனாலும் அந்த வாக்கியத்துக்கு அதில் பங்கு உண்டு.

இப்போது பிரெண்டன் அடிலெய்டில். மகள் பிப்பாவும் உயர்நிலைப் பள்ளிக்காக இந்த வருடம் அங்கே போய்விட்டாள். காரில் ஏழு மணி நேரம். போனது நல்லதுக்குத்தான் என்று கெரின் எல்லோரிடமும் சொல்கிறாள். ஆனால் வீட்டில் சாப்பிட இன்னமும் பழையபடி இரண்டு தட்டுத்தான் எடுத்து வைக்கிறாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை நேரத்தில் பிப்பாவிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவும் அவளும் கடையில் நிற்கிறார்களாம். பிறந்தநாளுக்குக் கேமிங் கம்ப்யூட்டர், இரண்டாயிரத்து முந்நூறு டாலர். 'நீ பாத்துச் சொல்லும்மா. நீ சொன்னாத்தான் நம்புவேன்.'

டாரன் எட்டிப் பார்த்து, ஜட்ஜம்மா வீட்டிலேயே கேஸா என்று சிரித்தான். கெரின் அட்டையைக் கிழித்தாள். பிப்பா அனுப்பிய பாகப் பட்டியலில் பவர் சப்ளைக்கு 750 வாட் என்று மட்டும் இருந்தது, கம்பெனி பெயர் இல்லை. பெயரை மறைக்கிறவன் மட்டமானதைத்தான் மறைப்பான் என்று அறுபது டாலர் போட்டாள். கூலியோடு சேர்த்து இரண்டாயிரத்து எண்பது. இருநூற்றிருபது அதிகம்.

உள்ளதைச் சொன்னால், கெரினுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிரெண்டன் மறுபடி ஏமாந்துவிட்டான். 'விடு' என்று ஒரு வார்த்தை போதும், மகள் தன் பக்கம் சாய்வாள். அடுத்த வருடம் திரும்பி வருகிறேன் என்றுகூடச் சொல்வாள். அற்ப நினைப்பு என்று தெரிந்தேதான் நினைத்தாள்.

'விடு' என்று அடித்தும் விட்டாள். அனுப்பவில்லை. ஊகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லிப் பழக்கமில்லை. மகளைப் போனில் கூப்பிட்டு, மின் வயர் செருகுகிற அந்தப் பவர் சப்ளை பெட்டியில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். பிப்பா படித்தாள். நல்ல கம்பெனி, பத்து வருட உத்தரவாதம். கெரின் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"கடையில மொதல்ல வேற ஒண்ணுதாம்மா போட்டிருந்தாங்க," என்றாள் பிப்பா. "அப்பா அரை மணி நேரம் மல்லுக்கட்டி மாத்த வச்சாரு. லைட்டெல்லாம் வேணா கழட்டிக்கங்க, இத மாத்துங்கன்னாரு. உங்கம்மா மொதல்ல இதத்தான் பாப்பான்னு சொன்னாரு."

கெரின் அட்டையை மறுபடி எடுத்தாள். அறுபதை அடித்துவிட்டு இருநூற்றுப் பத்து என்று எழுதினாள். மெதுவாகக் கூட்டினாள்.

"அம்மா? வெல சரியா?"

"எழுபது டாலர் ஜாஸ்தி."

"அப்ப விட்டுடவா?"

டாரன் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். கணக்கு மீறி அவள் ஒருவருக்கும் 'வாங்கு' சொன்னதில்லை.

"வாங்கு," என்றாள் கெரின். "அந்த எழுபது டாலர் உங்கப்பா மல்லுக்கட்டின கூலி. நல்லாப் பாத்து எடுத்திருக்காருன்னு நான் சொன்னதாச் சொல்லு."

"பக்கத்துலதான் நிக்கறாரு. நீயே சொல்லும்மா."

வேண்டாம் என்பதற்குள் போன் கைமாறிவிட்டது. மறுமுனையில் இப்போது பிரெண்டன்.

"நல்லாப் பாத்து எடுத்திருக்க, பிரெண்டன்."

"ரொம்ப லேட்டாத்தான் பாத்தேன், கெரின்."

மணி அடித்தது. கெரின் எழுந்திருக்கவில்லை. டாரன் ஒன்றும் கேட்காமல் அவளுடைய மீன் தட்டுகளைத் தன் மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டான்.