யாருமில்லாத மூலை

படத்தில் ரத்தக்காட்டேரிப் பெண்கள் மூன்று பேர். அவர்களுக்கென்று இருந்த வெள்ளை இரவு உடைகளோ இரண்டுதான். ஒருத்தி கடித்து முடித்துக் கழற்றித் தந்தால்தான் அடுத்தவள் அதைப் போட்டுக்கொண்டு கடிக்க முடியும். அதற்குள் ரத்தக்கறை போயாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் கசில்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த ரத்தம். எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் சாயம் துணியில் ஊறிவிடும் என்பதை முதல் நாளே அவள் கண்டுகொண்டாள். பச்சைத் தண்ணீர், அப்புறம் சோப்பு, கடைசியில்தான் வெந்நீர். ரொட்டி அடுப்பின் வாயில் விரித்துக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் படம் எடுக்கும் கோட்டைக்கு ஓடுவாள்.

"கசில்தாக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா இந்தப் பேய்ங்கல்லாம் குளிர்லயே செத்துப் போயிருக்கும்," என்பாள் ஒப்பனைக்காரி நியெவெஸ். தலைநகர் மத்ரீதிலிருந்து வந்தவள், வாய் ஓயாதவள். கசில்தா சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

1971, மார்ச் மாதம். தோரெமூதாவில் பாதி இடிந்த கோட்டை இருந்தது, கல்லறைத் தோட்டம் இருந்தது, கூலிக்கு ஆள் கிடைத்தது. பதினெட்டு நாளில் படத்தை முடித்துவிட வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

கசில்தாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. செங்கொடிக்காரன் மகளைக் கேட்டு யாரும் வரவில்லை. கோவிலையும் கல்லறைத் தோட்டத்தையும் பெருக்குவது ஊர் நிர்வாகம் கொடுத்திருந்த வேலை. பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். உள்நாட்டுப் போர் மூண்ட அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம்தான் நீலச் சட்டைக்காரர்கள் அவள் அப்பா எலாதியோவை வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாலை செப்பனிடுகிறவர். எழுத்துத் தெரியாத கூலியாட்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டினார் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் என்னவென்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. நான்கு பேரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் நிறுத்திச் சுட்டார்கள். ஞானஸ்நானம் ஆகாமல் இறந்த சிசுக்களைப் புதைக்கும் மூலையில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். குழி வெட்டியவன் வந்து அம்மாவின் காதில் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

அங்கே கல் கிடையாது, பெயர் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னது கிடையாது. சகல புனிதர்கள் நாளில் ஊரே செவ்வந்தி கொண்டுவந்து அவரவர் கல்லறையில் வைக்கும்போது, அம்மா பாட்டன் கல்லறையில் பூங்கொத்தை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், கைதவறி விழுந்ததுபோல் ஒரு பூவை அந்த மூலையில் விட்டுவிட்டு வருவாள். அம்மா போனபிறகு கசில்தாவின் கையும் அப்படியே தவறியது. மற்ற நாட்களில் அவளிடம் துடைப்பம் இருந்தது.

சினிமாக்காரர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. பேயும் பிசாசும் நம் நாட்டில் கிடையாது என்பது தணிக்கைக்காரர்களின் முடிவு. கதை அந்நிய நாட்டில்தான் நடக்க வேண்டும். ஆகவே கல்லறைகளின் மேலிருந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் அட்டையால் மூடி, வாயில் நுழையாத ஹங்கேரிப் பெயர்களை எழுதினார்கள். காலியாகக் கிடந்த மூலையில் மரத்தில் ஒரு பெரிய சிலுவை செய்து நட்டார்கள். ஓர்சோலா என்ற சீமாட்டியின் கல்லறையாம் அது.

கசில்தா துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெண் பெயர், அதுவும் வேற்று நாட்டுப் பெயர். ஆனாலும் சிலுவை. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவின் தலைமாட்டில் ஒரு சிலுவை நின்றது. அந்த நான்கு நாளும் அவள் பகிரங்கமாக, எல்லோர் கண்ணெதிரிலும், அந்த இடத்தைப் பெருக்கிச் சுற்றிலும் கூழாங்கல் அடுக்கினாள். "பாருங்க, எவ்வளவு நேர்த்தியா வெச்சிருக்காங்க!" என்று படப்பிடிப்பு மேலாளர் ஆர்செனியோ பாராட்டினார். அவள் முகம் சிவந்துவிட்டது.

ஐந்தாம் நாள் நியெவெஸ் சொன்னாள்: "நாளைக்கு அந்தக் குழியத் தோண்டுறாங்கக்கா. ஓநாய் மனுஷன் காதலியோட மண்டையக் கையில ஏந்திக்கிட்டு ஊளையிடணும். என் பொழப்பு, விடிஞ்சதுலேர்ந்து அவன் மூஞ்சியில மயிரா ஒட்டணும்."

கூடை கனத்தது. கசில்தா அதைக் கீழே வைத்தாள்.

"எந்தக் குழி?"

"நீங்க கல்லெல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதான்."

மறுநாள் காலை அவள் ஒப்பனை அறைக்குப் போனாள். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறை அது. ஓநாய் மனிதன் அசையாமல் உட்கார்ந்து ஒரு குழாய் வழியாகப் பூண்டுச் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அங்க தோண்ட வேண்டாம்னு சொல்லேன், நியெவெஸ். அங்க... தண்ணி ஊறும்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? மேலாளர்கிட்டயே சொல்லுங்க. கடிச்சா தின்னுடுவாரு?"

ஆர்செனியோ முற்றத்தில் நின்றிருந்தார். பக்கத்தில் ஊர்த்தலைவர் வலேரியானோ. அந்த ஆகஸ்டில் இருபத்திரண்டு வயதுப் பையனாக, நீலச் சட்டை போட்டு, அப்பாவைப் பிடிக்க வந்த லாரியின் பின்னால் நின்றுகொண்டு வந்தவர். கசில்தா அதை ஜன்னல் இடுக்கு வழியே பார்த்திருந்தாள். பார்த்ததை அவரும் அறிவார்.

"என்னம்மா, உடை காயலையா?" என்றார் ஆர்செனியோ.

"அது இல்லீங்க. அந்த மூலையத் தோண்டாதீங்க. அங்க ஆளுங்க இருக்காங்க."

ஆர்செனியோ ஊர்த்தலைவரைத் திரும்பிப் பார்த்தார். "காலி இடம்னு சொன்னீங்களே?"

வலேரியானோ கசில்தாவையே பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "யாரு இருக்கா அங்க, கசில்தா? சொல்லு. ஐயாவுக்குத் தெரியட்டும்."

நான்கு பெயர்கள். அம்மா ஜெபம்போலச் சொல்லிக் கொடுத்த நான்கு பெயர்களும் அவள் தொண்டைவரை வந்தன. வேலை போகும் என்று அவள் நினைக்கவில்லை, சிறைக்குப் போவோம் என்றும் நினைக்கவில்லை. பதினோரு வயதிலிருந்து மூடிப் பழகிய வாய், அவ்வளவுதான்.

"குழந்தைங்க," என்றாள். "ஞானஸ்நானம் ஆகாத குழந்தைங்க."

ஆர்செனியோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வலேரியானோ சிரித்தார். "அது எங்க கொள்ளுத்தாத்தா காலத்துச் சமாசாரம். எல்லாம் மண்ணா போயிருக்கும். நீங்க தோண்டுங்க."

அவள் நின்றாள். பாதி உண்மையைச் சொல்லியாகிவிட்டது. மீதியை இனிமேல் சொன்னால் கதை கட்டுகிறாள் என்பார்கள். "உடைய எடுத்துட்டு வாம்மா, வெளிச்சம் போயிடும்," என்று ஆர்செனியோ விரட்டினார். போனாள்.

உச்சிவெயிலில் எடுத்தார்கள். கேமராவின் முன்னால் கருநீலக் கண்ணாடியை மாட்டினால் படத்தில் அது நடு இரவாகிவிடுமாம். மண்வெட்டி பிடித்தது உள்ளூர் மகாரியோ. முழங்கை ஆழத்தில் அவன் நிறுத்தினான். ஆணி அடித்த ஒரு செருப்பின் அடிப்பாகம் வந்தது. அவன் கசில்தாவைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"ஏன்யா நிறுத்திட்ட? தோண்டு."

"ஐயா, இங்க எலும்பு கிடக்கு."

இயக்குநர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடா! பிளாஸ்டர் மண்டையத் தூக்கிப் போடுங்க. நெசத்துக்கு ஈடாகுமா?"

ஒன்றல்ல, நான்கு மண்டைகள். துடைத்து வரிசையாக வைத்தார்கள். கசில்தா ஈர உடையைக் கையில் பிடித்தபடி பார்த்தாள். அப்பாவைப் பார்த்தால் தெரியும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். தெரியவில்லை. பல்லைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. இயக்குநர் பற்கள் முழுசாக இருந்த ஒன்றை எடுத்து ஓநாய் மனிதனிடம் கொடுத்தார்.

"நெத்திப் பொட்டுல ஓட்டை இருக்குங்க," என்றான் கேமராக்காரன். "குண்டு பட்ட மாதிரி."

"ஓர்சோலா ரத்தக்காட்டேரிடா. குண்டுக்கா சாவா? படம் பாக்குறவன் சிரிப்பான். ஓட்டைய அந்தப் பக்கம் திருப்பு."

மயிர் ஒட்டிய கை மண்டையைத் திருப்பியது.

மாலைக்குள் மற்ற மூன்றையும், மிச்ச எலும்புகளையும், ஊர்ப் பொது எலும்புக் கிடங்கில் கொட்டச் சொன்னார் வலேரியானோ. நூறு வருஷத்து எலும்புகளோடு அவை கலந்தன. சிலுவையை லாரியில் ஏற்றினார்கள். மண்டை, மெழுகுவத்திகளோடும் பொய்ப்பற்களோடும் ஒரு பெட்டிக்குள் போனது. படம் முடிந்து சினிமாக்காரர்கள் கிளம்பும்போது கசில்தா நியெவெஸின் கையைப் பிடித்தாள்.

"அந்தத் தலைய என்ன செய்வாங்க?"

"அடுத்த படத்துக்கு ஆகும்க்கா. இவங்க எதத்தான் வீசி எறிஞ்சாங்க? ஏன், பயமாயிருக்கா?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அதன்பிறகு கசில்தாவுக்கு ஓநாய்ப் படப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. அந்தக் கம்பெனியின் படம் எந்த ஊரில் ஓடினாலும் ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். "என்ன கசில்தா, ஓநாய் மாப்பிள்ளை கூப்பிட்டுட்டாரா?" என்று பஸ்ஸில் கேலி செய்வார்கள். அந்த மண்டை மேலும் மூன்று படங்களில் நடித்தது. ஒன்றில் மந்திரவாதியின் மேசைமேல் இருந்தது. ஒன்றில் எலிகள் அதன்மேல் ஓடின. ஆனால் தோரெமூதாவில் எடுத்த படத்தில்தான் அது அருகில் தெரியும். மூன்று விநாடி. ஓநாய் அதை நெஞ்சோடு அணைத்து வானத்தைப் பார்த்து ஊளையிடும். அந்த நான்கு பேரில் ஒருவனுக்காக யாராவது வாய்விட்டு அழுதது அந்த ஒரு தடவைதான். கொட்டகை விசிலடிக்கும்.

அந்த மூன்று விநாடிக்குள் பற்களைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் முயன்றாள். அப்பா சிரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். முதலில் சிரிப்பு மறந்தது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் மறந்தது. கடைசியில் அப்பாவை நினைத்தால் அந்த மண்டைதான் வந்தது, அது அவருடையதுதானா என்றுகூடத் தெரியாத மண்டை.

ஒருநாள் மதியக் காட்சி முடிந்ததும் படிகளில் ஏறிப் படம் ஓட்டுகிறவரிடம் போனாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். கதவருகே வெகுநேரம் நின்றாள்.

"ஓநாய் ஊளையிடுற எடத்துல கொஞ்சம் நிறுத்த முடியுமாங்க?"

"நிறுத்துனா விளக்குச் சூட்டுல பிலிம் உருகிடும்மா. அந்த எடமே இல்லாமப் போயிடும்."

"அப்போ வேண்டாம்," என்றாள்.

கீழே இறங்கி வந்து அடுத்த காட்சிக்குச் சீட்டு வாங்கி, முன்வரிசையில் உட்கார்ந்தாள்.